அடிச்சவன்னு ஒரு பேரு

ஆமாக்கா, நானேதான். அந்த வீடியோவுல அறையிறது நான்தான். பழங்காநத்தம் பஸ் ஸ்டாப்புல நடந்தது. ஒங்க மருமகளும் பாத்துச்சா? சரித்தான், அம்புட்டுப் பேரும் பாத்திருக்காங்க. இங்கிட்டு நகந்து உக்காருங்க, ஜன்னல் பக்கம் வெயில் மூஞ்சில அடிக்கிது. பரவைக்கா போறீங்க? நானும் அங்கதான்க்கா. பேச்சுத்துணைக்கு ஆச்சு.

இல்லக்கா, பெருசா ஒன்னும் இல்ல. பள்ளிக்கூடத்துப் பிள்ளைய ஒரு பய இடிச்சுக்கிட்டே நின்னான். ஒரே அறைதான் விட்டேன். எவனோ போன்ல எடுத்து, பின்னாடி ஒரு பாட்டையும் போட்டு விட்டுட்டான். மறுநாளு ஸ்டேசனுக்கு மாலையோட வந்துட்டாங்கக்கா. வீரமங்கைன்னு பேனரு வேற. ஏட்டம்மா முத்துமீனான்னா இப்ப ஏரியாவுல பச்சப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். நானும் சிரிச்சுக்கிட்டே கழுத்த நீட்டுனேன், என்ன செய்ய.

இன்னைக்குக் கோர்ட்டு. சாட்சி சொல்லப் போனேன். சொல்லலக்கா. சொல்ல விடல. யாரும் மிரட்டல, நீங்க வேற. எந்த ஆளுக்காகச் சொல்லப் போனேனோ அவரே சொல்ல விடல. அதான் ஒரு மாதிரியா உக்காந்திருக்கேன், நீங்களும் பாத்துட்டுக் கேட்டுட்டீங்க.

லட்சுமிநாராயணன்னு ஒரு ஆளு. சௌராஷ்ட்ராக்காரரு, கீழவாசல் பக்கம் ஒரு சேலைக்கடையில சேல்ஸ்மேனு. ஆளப் பாக்கணுமே நீங்க. ஆறடி. தோளு ரெண்டும் கதவு மாதிரி இருக்கும். நல்லா முறுக்குன மீசை. மாட்டுத்தாவணியில இந்த ஆளு எதுக்க வந்தா ரவுடிப் பயலுகளே ஒதுங்கிப் போவாங்கெ. மொத மொத எங்க மகளிர் ஸ்டேசன் வாசல்ல வந்து நின்னப்ப, எவளையோ அடிச்சுப்புட்டு அவளுக்கு முன்னாடி இவன் வந்துட்டான்னுதான் நெனச்சேன். சில பேரு அப்படித்தான் வருவாங்கெ, முந்திக்கிறதுக்கு.

வந்து, மேடம் எங்க வீட்டுல என்னைய அடிக்கிறாங்கன்னான்.

யாருய்யா, அண்ணன் தம்பியான்னேன். இல்ல மேடம், மனைவிங்கிறான்.

சிரிச்சுட்டோம்க்கா. பொய் சொல்லக்கூடாது. நான், ரைட்டரம்மா, ரெண்டு புதுப் பிள்ளைக, கேஸ் குடுக்க வந்து பெஞ்சுல அழுதுக்கிட்டு இருந்த பொம்பள உட்பட, எல்லாரும். அதுக்கு முன்னாடி அவன் வீட்டுப் பக்கத்து ஸ்டேசனுக்குப் போயிருக்கான். அங்க ஆம்பளைக சிரிச்சுட்டு, இது குடும்பத் தகராறு, நீ மகளிர் ஸ்டேசனுக்குப் போன்னு அனுப்பி வச்சிருக்காங்க. அங்க சிரிச்சது பத்தாதுன்னு இங்கிட்டு வந்து நாங்களும் சிரிச்சோம்.

சட்டைக் காலர இறக்கிக் காட்டுனான். பிடரியில இருந்து முதுகு வரைக்கும் தோலு உரிஞ்சு கெடக்கு. சோறு வடிக்கிற கஞ்சியக் கொதிக்கக் கொதிக்க ஊத்தியிருக்கா. எனக்கு ஒரு செகண்டு திக்குன்னுச்சு. திக்குன்னதுக்கு என்ன செஞ்சேன்னு கேளுங்க. நீ என்னய்யா பண்ணுன அவளன்னு கேட்டேன். ஒன்னும் பண்ணலைன்னான். ஒன்னும் பண்ணாமலா ஒரு பொம்பள கஞ்சிய ஊத்துவான்னேன். காலரத் தூக்கி விட்டுக்கிட்டான்.

ஆமாக்கா, கேஸ் போடலாம். யாரு யாரைக் காயம் பண்ணுனாலும் போடலாம், அதுக்கு ஆம்பள பொம்பள கிடையாது. பொண்டாட்டிமாருக்குன்னு தனியா ஒரு சட்டம் இருக்கு, அதுல இவனுக்கு எடம் இல்ல, வாஸ்தவம். ஆனா கஞ்சிய ஊத்துனா ஊத்துனதுதான? சட்டம் குறுக்க நிக்கல. குறுக்க நின்னது நாங்கதான்.

அவன் சம்சாரத்த வரச்சொன்னோம். கனகலட்சுமி. இம்புட்டூண்டு இருக்கும் அந்தப் பிள்ள. நாப்பது கிலோ இருந்தா அதிகம். வீட்டுல பிள்ளைகளுக்கு ஹிந்தி ட்யூசன் எடுக்குது. தலை நெறைய மல்லிகைப்பூ, குரலு அப்படியே பஞ்சு மாதிரி. ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல நிக்க வச்சா யானையும் பூனையுமா நிக்கிறாங்க. அந்தப் பூன இந்த யானைய அடிக்கிதுன்னு யாருட்டப் போயிச் சொல்ல. அவ அழுதா. கைதவறிக் கொட்டிருச்சு மேடம், அதுக்குப் போய் ஸ்டேசனுக்கு வந்து என் மானத்த வாங்கிட்டாரு மேடம்னு அழுதா. எங்க இன்ஸ்பெக்டரம்மா அவளுக்கு டீ வாங்கிக் குடுத்தாங்க.

அப்ப ஒன்னு நடந்துச்சு. கண்ணத் தொடச்சுக்கிட்டே அவ புருசன் பக்கம் திரும்பி அவங்க பாஷையில ஏதோ ஒரு வார்த்த சொன்னா. மெதுவா, சிரிச்ச மூஞ்சியா. எனக்கு அந்தப் பாஷ தெரியாது. ஆனா அந்த ஆளு கை இருக்கே, மேசை மேல வச்சிருந்தான், அத வெடுக்குன்னு மேசைக்கு அடியில இழுத்துக்கிட்டத நான் பாத்தேன். ஆறடி ஆளு, கைய ஒளிச்சு வைக்கிறான். பாத்தேன்க்கா. என்ன சொன்னான்னு கேக்கல. ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? கேக்கல.

அன்னைக்கு என்ன எழுதி வாங்குனோம் தெரியுமா? இனிமே என் மனைவி மனம் கோணும்படி நடந்துக்க மாட்டேன்னு. அவன்ட்டதான் எழுதி வாங்குனோம். நான்தான் வாசகம் சொன்னேன். அழகான கையெழுத்து அவருக்கு. ஒரு அடித்தல் திருத்தல் இல்லாம எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு, தேங்க்ஸ் மேடம்னுட்டுப் போனாரு.

அவ போறப்ப என்ட்டச் சொன்னா, எனக்குக் கோவம் வந்தா கண்ணு தெரியாது மேடம்னு. வெள்ளந்தியாத்தான் சொன்னா. இப்ப நெனச்சா அதுதான் அவ சொன்ன ஒரே நெசம்னு தோணுது. யாராச்சும் புடிச்சு நிறுத்துங்கன்னுகூட அவ சொல்லியிருக்கலாம், யாரு கண்டா. நான் அவ கன்னத்தத் தட்டி, பொம்பளன்னா இப்படித்தான் ரோசமா இருக்கணும்னு அனுப்பி வச்சேன்.

என்னது? ஆரப்பாளையம்தான் வருது. இன்னும் நெறையா நேரம் இருக்குக்கா, நீங்க உக்காருங்க.

ரெண்டாவது தடவ ஒரு ஆறு ஏழு மாசம் கழிச்சு வந்தாரு. இந்தத் தடவ உள்ள வரல. வாசல்ல வேப்பமரத்தடியில நின்னுக்கிட்டு இருந்தாரு, நான் டீ குடிக்க வெளிய வார வரைக்கும். இடது கை விரலு ரெண்டு வீங்கி நீலமாக் கெடக்கு. குழவிக்கல்லு மேடம்ங்கிறாரு. கேஸ் வேணாம், எங்கிட்டாவது ஒரு எடத்துல இது பதிவாகணும், அம்புட்டுதான்னாரு. நாளைக்கு எனக்கு ஒன்னு ஆச்சுன்னா என் பொண்ணு தெரிஞ்சுக்கணும்ல மேடம்னாரு. பொண்ணு பேரு காவ்யஸ்ரீ. அப்ப ஆறாப்பு படிக்குது.

எனக்கு எரிச்சலா வந்துச்சுக்கா. உள்ளதச் சொல்றேன். அவள நெனச்சு வரல, இந்த ஆளப் பாத்துதான் வந்துச்சு. இம்புட்டுப் பெரிய ஒடம்ப வச்சுக்கிட்டு இப்படி வந்து நிக்கிறானேன்னு. யோவ், நீ ஆம்பளதானய்யா, திருப்பி ஒரு அறை விட்டா அடுத்த நாளு அடங்கிருவா, இதுக்குப் போய் ஸ்டேசனுக்கு வாரியேன்னேன். மகளிர் ஸ்டேசன் ஏட்டு, யூனிஃபாரத்துல நின்னுக்கிட்டு, ஒரு ஆம்பளயப் பாத்துப் பொண்டாட்டிய அடிய்யாங்கிறேன். கேட்டா சிரிப்பீங்க.

அவரு கோவிக்கல. நிதானமாத்தான் பேசுனாரு. ஒரே ஒரு தடவ கைய ஓங்குனேன் மேடம்னாரு. அடிக்கல, ஓங்குனதோட சரி. அன்னைக்கு எம் பொண்ணு கதவோரம் நின்னா. அவ அம்மா என்னைய அடிச்ச எத்தனையோ நாளு அவ அங்கன நின்னிருக்கா. அழுவா, ஆனா பயந்தது இல்ல. நான் கைய ஓங்குன அன்னைக்கு என்னையப் பாத்துப் பின்னாடியே நடந்து போயி செவுத்துல முட்டிக்கிட்டா மேடம். அவ அம்மா அடிச்சா வலி மட்டும்தான், நான் அடிச்சா உசுரு போயிரும்னு அந்தப் பிள்ளைக்குத் தெரியும். என் கையி அப்படி. அன்னையிலருந்து சமையக்கட்டுல சத்தம் வந்தா ரெண்டு கையவும் பின்னாடி கட்டிக்கிருவேன்னாரு.

டீ ஆறிப் போச்சு எனக்கு. பாத்துப் போங்கன்னேன். பதிவு பண்ணலக்கா. புகார் வந்துச்சுன்னு ஒரு சின்ன ரசீது போட்டுக் குடுத்திருந்தா போதும். உள்ள போனா மறுபடியும் சிரிப்பாங்க, இன்ஸ்பெக்டரம்மா என்னையக் கேப்பாங்க, எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்.

அப்புறம்தான் போன வருசம் ஐப்பசியில அது நடந்துச்சு. அவ தோசைக்கரண்டியக் காய வச்சு எடுத்துக்கிட்டு வந்திருக்கா. மூஞ்சிக்கு நேரா வந்திருக்கு. கையப் பின்னாடி கட்டிக்கிட்டு எம்புட்டு நாளுதான் நிக்கிறது, கண்ணு போயிரும்ல? ரெண்டு மணிக்கட்டையும் புடிச்சிருக்காரு. புடிச்சது அவரு கையி. கண்ணாடி வளையலு நொறுங்கி அவளுக்கு நரம்பு பக்கத்துல கிழிஞ்சிருச்சு. அவ கத்துனா. அக்கம்பக்கத்துல ஓடியாந்து பாக்குறாங்க. என்ன தெரியும் அவங்களுக்கு? மீசை வச்ச ஒருத்தன் ஒரு சின்னப் பொம்பளயோட ரெண்டு கையவும் புடிச்சு நிக்கிறான், அவ கையெல்லாம் ரத்தம். கரண்டி எங்கிட்டோ கீழ கெடக்கு. தோச சுடுறப்ப கரண்டி கெடக்கத்தான செய்யும்.

எஃப்ஐஆர் என் கையெழுத்துதான்க்கா. இன்ஸ்பெக்டரம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுனது. அந்தப் பிள்ளைட்டயும் கேட்டோம், காவ்யஸ்ரீட்ட. அப்பா என்னம்மா செஞ்சாருன்னு கேட்டோம். அப்பா அம்மா கையப் புடிச்சாருன்னு சொல்லுச்சு. நெசந்தான? பிள்ள நெசத்தத்தான் சொல்லுச்சு. அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு நாங்க கேக்கல. கேட்டா சொல்லியிருக்கும். அது வாயத் தொறந்து தொறந்து மூடுனத இப்பவும் நெனச்சுப் பாக்குறேன்.

ரிமாண்டுக்கு முன்னாடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனதும் நான்தான். டாக்டரு சட்டையக் கழட்டச் சொன்னாரு. கழட்டுனா, முதுகு, விலா, தோளுன்னு பழைய தழும்பு எத்தன. இது என்னன்னு டாக்டரு கேக்குறாரு. வழுக்கி விழுந்தேன் சாருங்கிறாரு. இதுன்னு இன்னொன்னக் காட்டுறாரு. அதுவும் வழுக்கித்தான் சாருங்கிறாரு. நான் பக்கத்துலயே நிக்கிறேன். என்னைய ஒரு பார்வ பாத்தாரு. வையிற மாதிரியெல்லாம் இல்ல. நீங்களும் ஒன்னும் சொல்லிராதீங்கங்கிற மாதிரி.

பதினஞ்சு நாளு உள்ள இருந்துட்டு ஜாமீன்ல வந்தாரு. கடையில வேலைக்கு வரவேணாம்னுட்டாங்க. பொம்பளைக வந்து போற கடை, பொண்டாட்டிய அடிச்சவன எப்படி வச்சுக்கிறதுன்னு. சொந்த அண்ணனே பேச்ச விட்டுட்டாரு. திருப்பரங்குன்றத்துல ஒரு லாட்ஜுல ராத்திரி வாட்ச்மேனா இருந்தாரு. மகளப் பாக்க விடல. பள்ளிக்கூட வாசலுக்கு ஒரு தடவ போனாரு, வாத்தியாருமாரு சேந்து வெரட்டி விட்டாங்க. பிள்ளைக இருக்குற எடம்ல, அவங்க செஞ்சதும் தப்புன்னு சொல்ல முடியாது.

அதுக்கப்புறம் எனக்கு ஒறக்கம் இல்லக்கா. நெசமாத்தான். டீ குடிக்கப் போனாக்கூட அந்த வேப்பமரத்தச் சுத்திக்கிட்டுத்தான் போவேன். இன்னைக்கு எனக்கு சாட்சி நாளு. ஒரு மாசமா மனசுக்குள்ள ஒத்திகை பாத்து வச்சிருந்தேன். கூண்டுல ஏறி, ஐயா, இந்த ஆளு இதுக்கு முன்னாடி ரெண்டு தடவ காயத்தோட எங்கட்ட வந்தாரு, நான் பதிவு பண்ணல, தப்பு எம்மேலதான்னு சொல்லிறதுன்னு முடிவு பண்ணிட்டேன். மெமோ குடுப்பாங்க, வேற எங்கிட்டாச்சும் தூக்கி அடிப்பாங்க, அடிக்கட்டும்னு. அவரு வக்கீல்ட்டகூட போன வாரமே சொல்லிட்டேன். பாவம் சின்ன வயசு வக்கீலு, கேட்டு அவருக்கு சந்தோசம் தாங்கல. பிழைச்சாரும்மா மனுசன்னாரு.

காலையில கேஸக் கூப்புட்டாங்க. என் பேரக் கூப்புடப் போறாங்க. நான் தொப்பிய எடுத்துக் கையில வச்சுக்கிட்டு எந்திரிக்கிறேன். அதுக்குள்ள இவரு கையத் தூக்குறாரு. ஐயா, சாட்சியெல்லாம் வேணாம்யா, நான் குத்தத்த ஒத்துக்கிறேன்யாங்கிறாரு.

ஜட்ஜு ஐயாவே திகைச்சுப் போயிட்டாரு. யாராச்சும் மிரட்டுனாங்களாப்பான்னு கேட்டாரு. இல்லைன்னுட்டாரு. ஒத்துக்கிட்டா தண்டன உண்டு, வெளிய போயி நல்லா யோசிச்சுட்டு வான்னு அனுப்புனாரு. வக்கீலு அவரு கையப் புடிச்சுக் கெஞ்சுறாரு. நான் வராண்டாவுல ஓரமா இழுத்துட்டுப் போயி, என்ன காரியம் செய்றீங்க, நான் சொல்றேன்னு சொல்லிட்டேன்ல, எல்லாத்தையும் சொல்லிருவேன், வெளிய வந்துருவீங்கன்னேன். எனக்கு அழுகையே வந்துருச்சு.

அவரு சொல்றாரு. அதான் மேடம், நீங்க சொல்லிருவீங்கன்னுதான் ஒத்துக்கிட்டேங்கிறாரு.

ஏன், சொன்னா என்னன்னேன். அவரே சொன்னாரு. நீங்க சொன்னா நாளைக்குப் பேப்பர்ல வரும் மேடம். போன்ல வரும். ஆறடி ஆளு நாப்பது கிலோ பொண்டாட்டிட்ட அடிவாங்குனான்னு ஊரே பாத்துச் சிரிக்கும். எம் பொண்ணு பள்ளிக்கூடத்துலயும் சிரிப்பாங்க. ஜெயில்ல பதினஞ்சு நாளு இருந்தேன்ல, எதுக்கு வந்தன்னு கேட்டாங்க, பொண்டாட்டிய அடிச்சேன்னேன். சரி உக்காரு அண்ணேன்னு எடம் விட்டாங்க மேடம். ஒருத்தனும் சிரிக்கல. கல்யாணமான இத்தன வருசத்துல நான் நிம்மதியாத் தூங்குனது அந்தப் பதினஞ்சு நாளுதான். அடிவாங்குனவன்னு பேரு எடுக்கிறதுக்கு அடிச்சவன்னு ஒரு பேரோட இருந்துட்டுப் போயிருவேன்னாரு.

பிள்ள என்ன நெனைக்கும்னு கேட்டேன். அவளுக்குத் தெரியும் மேடம்னாரு. கோர்ட்டுக் கதவு வரைக்கும் போயித் திரும்பிப் பாத்து, தெரியும்னுதான் நெனைக்கிறேன்னாரு.

உள்ள போயி மறுபடியும் அதையேதான் சொன்னாரு. ஒரு வருசம். வேன்ல ஏத்துறப்பகூட என்னையப் பாத்துக் கும்புட்டாரு. கனகலட்சுமி மரத்தடியில தனியா நின்னா. அவ மூஞ்சில ஜெயிச்ச களையெல்லாம் இல்லக்கா, திருவிழாவுல தொலைஞ்ச பிள்ள மாதிரி முழிச்சுக்கிட்டு நின்னா. இனி அந்த வீட்டுல அவளும் அந்தப் பொண்ணும்தான். கோவம் வந்தா கண்ணு தெரியாதுன்னவ. அந்தப் பிள்ளைக்காக ஒரு மனு எழுதிப் போடலாம். போட்டா, எத வச்சும்மா சொல்றன்னு கேப்பாங்க. எங்கட்ட என்ன இருக்கு? நாந்தான் ஒன்னையும் எழுதி வைக்கலையே.

விளாங்குடி தாண்டிருச்சா? வெரசா வந்துட்டான் டிரைவரு.

நீங்க கேக்குறதும் சரிதான். ஒரு கேஸு போனா இன்னொன்னு, போலீஸ்காரிக்கு இதெல்லாம் சகஜம்தான், இம்புட்டு எதுக்கு மனசுல ஏத்திக்கிறன்னு. ஏத்திக்கிறது என்னன்னா... அவரு வராண்டாவுல அதச் சொன்னப்ப எனக்கு ஒன்னும் புதுசா இல்லக்கா. அது எனக்குத் தெரிஞ்ச கணக்குத்தான்.

எங்க ஸ்டேசன்ல எல்லாரும் என்னைய என்ன கேலி பண்ணுவாங்க தெரியுமா? ஏட்டம்மா வீட்டுல அண்ணன் பாடு திண்டாட்டம்தான், டெய்லி லாடம் கட்டுவாங்க போலன்னு. அந்த வீடியோ வந்த பிறகு தெருவே சொல்லுது. நானும் ஆமாய்யா, நேத்துக்கூட ரெண்டு போட்டேன்னு சொல்லுவேன். எல்லாரும் சிரிப்பாங்க. நல்லாத்தான் இருக்கும், அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

வீட்டுக்காரரா? ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. பரவை மார்க்கெட்டு எதுக்க எலெக்ட்ரிக்கல் கடை. பாண்டிராஜ். ஒல்லியா, கண்ணாடி போட்டு... ஆமா, அவருதான். ஆமாக்கா, அதிர்ந்து பேச மாட்டாரு. ஒங்க வீட்டு மோட்டாரு ரிப்பேரானப்ப அவரே வந்து பாத்தாரா? வருவாரு. நல்ல மனுசன்னுதான் எல்லாரும் சொல்வாங்க.

மூஞ்சில மட்டும் கைய வைக்க மாட்டாரு. யூனிஃபாரத்துக்கு உள்ள மறையிற எடமாப் பாத்துத்தான்.

பதிமூணு வருசம் ஆச்சு. என்னக்கா அப்படிப் பாக்குறீங்க? யாருட்டயும் சொல்லாதீங்கன்னு ஒங்கட்ட நான் கேக்கப் போறது இல்ல. சொன்னாலும் யாரு நம்பப் போறா, நீங்களே இன்னும் நம்பல பாருங்க. திருப்பி அடிக்கலாம்தான். அடிச்சா அந்த வீடியோவும் இதுவும் ஒன்னா ஓடும். போலீஸ்காரி, அடிக்கிறவதானேன்னுட்டுப் போயிருவாங்க. ஸ்டேசனுக்குப் போகலாம்னா, எந்த ஸ்டேசனுக்குப் போறது? உள்ள நாந்தான உக்காந்திருக்கேன்.

சரி, எந்திரிங்கக்கா, ஸ்டாப்பு வந்துருச்சு. பையி கனமா இருக்கு, இங்கிட்டுக் குடுங்க, நான் இறக்குறேன். பாத்து, படி ஒசரம். அந்தா, கடை வாசல்லயே நிக்கிறாரு பாருங்க. ஆமா, ஒங்களப் பாத்துத்தான் கையக் காட்டுறாரு.

நீங்களும் காட்டுங்க. இல்லைன்னா என்ன பேசிட்டு வந்தீங்கன்னு என்னையக் கேப்பாரு.